நியூ ஆர்லியன்ஸில் ஒரு கிண்ணம் கம்போ

சில ஆண்டுகளுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் உலக உணவுகளைப் பற்றி ஓர் அங்கம் நடத்தினேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 'கம்போ' என்று ஓர் உணவு உண்டு. "இது பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த சூப், நேயர்களே" என்று துணிந்து சொல்லிவிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே ஓர் அழைப்பு. பேசியவர் ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்.

"தங்கச்சி, அது வெண்டைக்காய்க் குழம்பும்மா. ஆப்பிரிக்காக்காரங்க சாப்பாடு. நான் அந்தத் துறைமுகத்துல இறங்கிச் சாப்பிட்டிருக்கேன்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். திருத்தத்தை ஒலிபரப்பவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். கடந்த ஆண்டு விடுமுறைக்கு அமெரிக்கா போனபோது நியூ ஆர்லியன்ஸையும் பயணத்தில் சேர்த்ததற்கு அந்த அழைப்பும் ஒரு காரணம்.

கப்பல்காரர் சொன்னது சரிதான். 'கம்போ' என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களோடு வந்த பெயர். மாவைக் கொழுப்பில் வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவது பிரெஞ்சு முறை. சிலர் வெண்டைக்காய்க்குப் பதிலாகச் சேர்க்கும் சாசஃப்ராஸ் இலைப்பொடி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான சோக்டா மக்களுடையது. ஆக, நான் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு சரி!

நகரின் ட்ரெமே பகுதியில், ஆர்லியன்ஸ் அவென்யூவில் இருக்கிறது 'டூக்கி சேஸ்' உணவகம். 1941இல் சிறிய ரொட்டிக் கடையாகத் தொடங்கியது. டூக்கி என்பது உரிமையாளரின் செல்லப்பெயர். 1946இல் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார் லியா சேஸ். கறுப்பினத்தவர் நல்ல உணவகத்தில் மேசைவிரிப்பு போட்ட மேசையில் அமர்ந்து சாப்பிட இடமே இல்லாத காலம் அது. மருமகள் அடுப்படியைத் தன் கைக்குள் கொண்டுவந்து, ரொட்டிக் கடையை அப்படியோர் உணவகமாக மாற்றினார்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதை அன்றைய சட்டம் தடுத்தது. லியா தம் உணவகத்தின் மாடியறையைத் திறந்துவிட்டார். குடியுரிமைப் போராட்டத்தில் இருந்த இரு இனத்தவரும் அங்கே கூடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்திருக்கிறார். 1961இல் பேருந்துகளில் ஏறி இனப்பாகுபாட்டை எதிர்த்த இளைஞர்களுக்கும் அங்கே சோறு கிடைத்தது. ஒரு கிண்ணம் கம்போவை வைத்துக்கொண்டே அமெரிக்காவின் போக்கை மாற்றினோம் என்று லியா பின்னாளில் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகை என்று தோன்றலாம். அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2005இல் கத்ரீனா சூறாவளி உணவகத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தது. லியாவுக்கு வயது 82. கணவரோடு உணவகத்துக்கு எதிரே ஓர் அரசாங்கத் தற்காலிக வண்டி வீட்டில் தங்கியபடி, அதை மறுபடியும் எழுப்பினார். 2008இல் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ஒபாமா, ருசி பார்க்கும் முன்பே கம்போவில் மிளகாய்ச் சாற்றை ஊற்ற, லியா அவரைக் கடிந்துகொண்ட கதை ஊரறிந்தது. (இதைப் படித்திருந்ததால் என் மேசையிலிருந்த மிளகாய்ச் சாற்றுப் போத்தலை நான் தொடவே இல்லை. சம்பால் பழகிய நாக்குக்கு அது சோதனை!) 2019இல் 96 வயதில் லியா காலமானார். இப்போது அடுப்படி பேரன் கையில்.

கம்போ வந்தது. கரும்பழுப்புக் குழம்பு, நடுவில் சின்னக் குன்றாக வெள்ளைச் சோறு, நண்டு, இறால், கோழி, காரமான சாசேஜ். முதல் கரண்டியில் புகைவாசம், பிறகு கடல்வாசம். பிறந்த ஊரில் நண்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அந்நியமாக எதுவுமே தெரியவில்லை. பெரிய வியாழனன்று மட்டும் இங்கே வேறொரு கம்போ கிடைக்கும். ஒன்பது வகைக் கீரைகளைக் கொதிக்கவைத்து அரைத்து, இறைச்சியோடு சேர்த்துச் செய்வது. கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். நான் போனது வேறு மாதம்.

மறுநாள் இரவு மேகசின் தெருவில் உள்ள 'டக்கார் நோலா'. செனகல் நாட்டுச் சமையலை நியூ ஆர்லியன்ஸின் கடலுணவோடு சேர்ப்பவர் செரீன் இம்பாயே என்ற இளைய சமையல்காரர். நியூயார்க்கில் பிறந்து செனகலில் வளர்ந்தவர். சமையலைத் தாயிடம் கற்றவர். 2024இல் அமெரிக்காவின் சிறந்த புதிய உணவகத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது இவருடைய உணவகத்துக்குக் கிடைத்தது. அமெரிக்கச் சமையல் உலகில் அதற்கு மேல் பெரிய பேர் கிடையாது.

அங்கே ஓர் உணவுக்குப் பெயர் 'கடைசிச் சாப்பாடு'. காராமணி, அரிசி, நண்டு, மேலே செம்பனை எண்ணெய். அடிமைகளைக் கப்பலில் ஏற்றுமுன் உடம்பு தேற இப்படித்தான் காராமணியும் சோறும் எண்ணெயுமாகக் கொடுத்தார்கள் என்பது அந்த உணவின் கதை. சாப்பிட வந்தவர்களிடம் அந்தக் கதை சொல்லப்படுகிறது. விருந்துக்கு வந்த இடத்தில் இதைக் கேட்க வேண்டுமா என்று நினைப்பவர்கள் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடும்போது யாரும் கரண்டியை வேகமாக அசைக்கவில்லை.

எனக்கு வேறொன்றும் நடந்தது. நம் கடைகளில் பொன்னிறமாக விற்கும் எண்ணெய் அல்ல அது. சுத்திகரிக்காத சிவப்பு எண்ணெய். கிண்ணம் அருகில் வந்ததுமே அந்த வாசம் தெரிந்துவிட்டது. பாட்டி வீட்டு வாசம். பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனால் ஆலைப் பக்கமிருந்து காற்றில் வரும் அதே வாசம். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்காக நடப்பட்டது. பின்னாளில் அந்த மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர்களில் என் பாட்டியும் ஒருவர். கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் துயரமும் எங்கள் வீட்டுக் கதையும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த மரத்தின் எண்ணெயை அவ்வளவு தூரத்தில், அவர்கள் நினைவாகச் சாப்பிடும்போது தொண்டை அடைத்தது.

விடுதிக்கு வந்ததும் அம்மாவை அழைத்தேன். இங்கே அப்போது பிற்பகல்.

"அம்மா, பாட்டி ஞாயித்துக்கெழமை ஒரு கலவைக்கீரை கடைவாங்களே, நெத்திலிக் கருவாடு போட்டு. அதுல என்னென்ன கீரை?"

"எதுக்குடி இப்ப? அமெரிக்காவுல சோறு கெடைக்கலியா?"

"சொல்லுங்கம்மா."

அம்மா விரல்விட்டு எண்ணுவது எனக்குக் கேட்டது. முளைக்கீரை, முருங்கைக்கீரை, பசலை, மணத்தக்காளி, பூசணிக் கொழுந்து. "இன்னொன்னு உண்டு. காட்டுப் பக்கம் போயி ஒடிச்சிக்கிட்டு வருவாங்க. இலை சின்னதா, கொஞ்சம் கசக்கும்... பேரு வாயில வரமாட்டேங்குது." பாட்டி போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. சித்தியவானில் இருக்கும் பெரியத்தைக்குத் தெரிந்திருக்கும் என்றார் அம்மா. பெரியத்தைக்கு வயது 79. அடுத்த சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போகிறேன்.

கப்பல்காரரின் எண் நிலையத்துப் பழைய அழைப்புப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் தேடச் சொல்லியிருக்கிறேன்.