மஞ்சளும் செம்பும் மருந்தாகுமா?

பிறம்ரனில் எமக்கு அறிமுகமான முதியவர் ஒருவர், இரைப்பைப் புண்ணுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த 14 நாள் மருந்தை ஆறாம் நாளே நிறுத்திவிட்டார். நாக்கும் மலமும் கறுத்துப் போனதால் ஏற்பட்ட அச்சமே காரணம். பதிலாக மஞ்சளையும் தேசிக்காய்ப்புளியையும் செம்புக் குவளையில் இரவு முழுவதும் ஊறவைத்து அருந்தலானார். "மாஸ்ரர், மஞ்சளும் கிருமியைக் கொல்லும், செம்பும் கொல்லும். சேர்ந்தால் நல்லதுதானே?" என்று எம்மிடம் வினவினார்.

கேள்வி பிழையானதன்று. அவர் நிறுத்திய மருந்துகளுள் ஒன்றான இளஞ்சிவப்புப் பெப்ரோ-பிஸ்மோலே அத்தகைய கூட்டுத்தான். சலிசிலிக்கமிலம் ஆதியில் வில்லோ மரப்பட்டையின் ஆராய்ச்சியிற் பிறந்தது. இன்று ஆலைகளிற் செய்யப்படுகிறது. அதனோடு பிசுமது என்னும் உலோகம் இணைந்ததே அம்மருந்து. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்னும் பற்றீரியாவைக் கண்டறிந்த அவுஸ்திரேலியரான பரி மார்சல், றொபின் வொறன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். 2016இல் வெளியான 'ரொறன்ரோ இணக்கம்' என்ற வைத்திய வழிகாட்டி, பிசுமதுடன் அமிலக் குறைப்பு மருந்தும் இரண்டு நுண்ணுயிரெதிரிகளும் சேர்ந்த முறையை முதல்வரிசைச் சிகிச்சைகளுள் ஒன்றாக வைத்தது. 14 நாளும் உட்கொள்ள வேண்டும்.

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமினும் உலோக அணுவை நண்டு கவ்வுவதுபோற் பற்றிக்கொள்ளும். இக்கூட்டுகளைச் செய்து பற்றீரியா மீது சோதிப்போர் இந்தியாவிலும் பிறநாடுகளிலும் பலர். ஏகார்த் தட்டிற் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சிறு வட்டத்தாளை வைப்பர். மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் எத்தனை மில்லிமீற்றர் என அளப்பர். நாம் கலைப் பட்டதாரியாயினும், இங்கொரு பொறி உண்டென்பது விளங்குகிறது. செம்பு தனித்தே கிருமியைக் கொல்லவல்லது. ஆகவே குர்க்குமின் தனியே, செம்புப்பு தனியே, கரைத்த திரவம் தனியே, அறியப்பட்ட நுண்ணுயிரெதிரி ஒன்று, இவையனைத்தையும் அருகருகே வைத்தாலன்றிக் கூட்டின் பெருமை தெரியாது. தட்டிலே வென்றது உடலிலும் வெல்லுமென்பதற்கும் உறுதியில்லை. குர்க்குமின் குடலில் மிகச் சொற்பமே உறிஞ்சப்படுகிறது.

குவளையில் நிகழ்வது வேறு. புளியிட்டு விளக்கினாற் செம்பு பளபளப்பதேன்? அமிலத்தில் அதன் மேற்பூச்சுக் கரைகிறது. இரவு முழுவதும் கரைந்த செம்பு, வாந்தியும் வயிற்றுவலியும் தரும் நஞ்சாகலாம்.

கறுப்பு நிறமோ பிசுமது கந்தகத்தோடு சேர்வதால் வருவது, தீங்கற்றது. ஆயினும் தார்போன்ற கரிய மலம் குருதிக்கசிவின் அறிகுறியாகவும் இருக்கக்கூடுமாதலால் உடனே வைத்தியரைக் கேட்டல் வேண்டும். பெற்றோர் கவனிக்க: காய்ச்சல், கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளுக்கு அவ்விளஞ்சிவப்பு மருந்தைக் கொடுத்தலாகாது. அதிலுள்ள சலிசிலேற்று மூளையையும் ஈரலையும் தாக்கும் 'ரே' நோய்க்கு ஏதுவாகலாம்.

முதியவர் மறுநாளே வைத்தியரிடம் சென்றார். சிகிச்சை இடையில் முறிந்தமையால் வேறு மருந்துகள் எழுதப்பட்டனவாம். செம்புக் குவளை இப்போது சுவாமியறையிற் பூ வைக்க உதவுகிறது.