கோரமண்டலக் கரையில் ஒரு மணல் அரண்

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. தங்கவயலின் பழைய சுரங்கங்களுள் ஒன்றும் அப்பெயர் தாங்கியதே. சோழமண்டலம் என்ற சொல்லே ஐரோப்பியர் நாவில் இவ்வாறு திரிந்தது என்பர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர், கடற்கரையின் பெயரைச் சுமந்து நிற்கிறது! அக்கரையைக் காண விரும்பும் வாசகர்களுக்கு உகந்த இடம் பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்துள்ள பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலங்களைத் தடுப்புத் தீவுகள் என்பர். ஏவுதளம் அமைந்த ஸ்ரீஹரிகோட்டா அவற்றுள் ஒன்று; அங்கு விருப்பம்போல் உலவ இயலாது. தெற்கே காட்டுப்பள்ளித் தீவின் வட பகுதியில் உள்ள லைட் ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவச் சிற்றூர்களுக்கோ பழவேற்காட்டிலிருந்து பாலம் வழியே செல்லலாம்.

மணலே மதில்

இத்தீவு பாறையால் ஆனதன்று. அலைகளும் கரையோர நீரோட்டமும் கொணர்ந்து குவித்த மணலே அதன் உடல். புயலின் சீற்றத்தை முதலில் தாங்கி, ஏரியைக் காப்பது அதுவே. நீரோட்டத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் போன்ற கட்டுமானம் எழுந்தால், ஒருபுறம் மணல் சேரும். மறுபுறம் கரை அரிக்கப்படும்.

ஏரியின் உயிர்நாடி முகத்துவாரம். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அதன் வழியே ஏரிக்குள் புகுந்து வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால் இவ்வரத்து தடைப்படும். மீனவர் வருவாயும் குன்றும். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக நிலவுகிறது. பொதுச் செல்வத்தை ஒருவரே அள்ளிவிடாது காக்கும் ஏற்பாடு அது.

நாணயம் அடித்த கோட்டை

டச்சுக்காரர்கள் 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை அவர்களது சோழமண்டல வணிகத்தின் தலைமையிடம் இதுவே. கோட்டைக்குள் நாணயச் சாலையும் இயங்கியது. இன்று கோட்டை சிதைந்துவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்தின் செதுக்குக் கற்கள் அக்காலத்தைச் சொல்லி நிற்கின்றன.

செல்வோர் கவனத்திற்கு

பங்காருப்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னை சென்று, கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் செல்லலாம். பூநாரைகளைக் காண டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது.

முகத்துவாரத்தருகே நீராடுதல் ஆகாது. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினும் அடியில் இழுவை கடுமையானது. 2011 டிசம்பர் 25 அன்று இங்குப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். ஆதலின், அதிகாரிகளின் அனுமதியும் உயிர்காப்பு உடையும் இல்லாத படகில் எவர் அழைப்பினும் ஏறற்க.

மணல்மேடுகளில் படர்ந்திருக்கும் அடும்புக் கொடிகளைப் பறிக்காதீர்கள். காற்றில் மணல் பறந்துவிடாது பிடித்து வைப்பவை அவையே. நெகிழிக் குப்பைகளை அங்கு விட்டு வராதீர்கள். ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பொருள்களை வாங்கி வாருங்கள். நீங்கள் செலவிடும் பணம் அவ்வூர் இல்லங்களையே சென்றடையும்.

பூமியின் ஆழத்தில் புதைந்த செல்வம் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவதைத் தங்கவயல் அறியும். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பழவேற்காட்டின் செல்வமோ ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறப்பது. மணலும் முகத்துவாரமும் காக்கப்படும்வரை அது குறைவதில்லை.