கடல்பாசிச் சாறு: பூச்சி மருந்தா, பயிர் ஊக்கியா?



ஐப்பசி மழை இறங்கியதும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காடுகளில் வேலை தொடங்கிவிடும். கிணறு உள்ளவர்கள் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் என்று காய்கறி வைப்பார்கள். அதே சமயத்தில் நம் கடைகளுக்கு விற்பனைப் பிரதிநிதிகளும் வருவார்கள். அண்மைக் காலமாக அவர்கள் பையில் கடல்பாசிச் சாறு பாட்டில்களும் இருக்கின்றன. "இயற்கைப் பூச்சி மருந்து; விஷம் இல்லை; லைசென்ஸ் வேண்டாம்; மளிகைக் கடையிலேயே வைத்து விற்கலாம்" என்று சிலர் சொல்வதுண்டு. இதில் எது உண்மை, எது நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும் என்பதைச் சரக்கு எடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கிருந்து வருகிறது?

இது நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. அருப்புக்கோட்டையில் ரயில் ஏறினால் திருச்சுழி, நரிக்குடி கடந்து மானாமதுரை. அங்கேதான் அக்வாகிரி நிறுவனத்தின் பாசி பதப்படுத்தும் ஆலை இருக்கிறது. அதற்கான பாசி வளர்வது ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில். மூங்கில் மிதவைகளில் கட்டிவிட்டால் ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும் காப்பாஃபைகஸ் என்ற இனம் அது. 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சிகோ நிறுவனம் இதை வணிக முறையில் தொடங்கியது. 2008இல் அக்வாகிரி ஏற்றுக்கொண்டது. இத்தொழிலில் மீனவப் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர்.

பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றைத் தனியாகவும் சக்கையைத் தனியாகவும் எடுக்கும் முறையைப் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. சக்கையிலிருந்து ஐஸ்கிரீம், பற்பசை ஆகியவற்றில் சேரும் கராஜீனன் கிடைக்கிறது. சாறு பயிருக்குப் போகிறது. இஃப்கோ விற்கும் சாகரிகா இவ்வகைச் சரக்கே.

என்ன செய்யும், என்ன செய்யாது?

சாற்றில் பொட்டாசியமும், பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் உள்ளன. வேர் ஓடும், இலை பசுமை கட்டும், வறட்சியைச் சற்றுத் தாங்கும். 2009இல் வெளியான ஆய்வொன்றில், மானாவாரி சோயாவுக்கு 15 சதவீதக் கரைசல் தெளித்தபோது மகசூல் 57 சதவீதம் கூடியது. அது ஆய்வு வயலில், ஒரு பயிரில் கிடைத்த கணக்கு. எல்லாக் காட்டிலும் அதே கணக்கு வரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

பூச்சி விஷயத்தில் இது சுற்றி வளைத்தே உதவுகிறது. பாசியில் உள்ள சில பொருள்கள் பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும். குளிர்நாட்டுப் பழுப்புப் பாசியின் சாற்றைத் தெளித்த ஸ்ட்ராபெரிச் செடிகளில் சிவப்புச் சிலந்தி குறைந்ததாகவும், தக்காளி வேரில் நூற்புழு குறைந்ததாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் கத்தரிக் காய்க்குள் புகுந்துவிட்ட புழுவையோ, வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்பும் வெள்ளை ஈயையோ இது கொல்லாது. சத்தான சாப்பாடு உடம்புக்குத் தெம்பு தரும். பாம்புக் கடிக்கு மருந்தாகாது. அதுபோலத்தான் இதுவும்.

ஒரே நாளில் புழு செத்து விழுகிறது என்றால், அந்தப் பாட்டிலில் பாசி மட்டும் இல்லை என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 திருத்தப்பட்டு, கடல்பாசிச் சாறு உள்ளிட்ட பயிர் ஊக்கிகள் அதற்குள் கொண்டுவரப்பட்டன. பூச்சி மருந்துகள் இந்த வகையில் சேரா என்று அந்த ஆணையே சொல்கிறது. பயிர் ஊக்கியில் பூச்சி மருந்தின் அளவு பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே "லைசென்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு தவறு. உர விற்பனைக்கான அனுமதி வேண்டும். அதில் அந்தக் கம்பெனிச் சரக்கும் சேர்ந்திருக்க வேண்டும்.

அதே பாட்டிலைப் பூச்சி மருந்தென்று சொல்லி விற்றால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் குறுக்கே வரும். அதன்கீழ் வந்த 1971 விதிகளில் மளிகைக்காரர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: மனிதரோ கால்நடையோ உண்ணும் பொருள் இருக்கும் கட்டடத்தில் பூச்சி மருந்தை வைக்கவோ விற்கவோ கூடாது. கொசுவர்த்தி போன்ற, வீட்டு உபயோகத்துக்கு முத்திரையிட்டு வரும் பொருள்களுக்கு மட்டுமே விலக்கு.

தற்காலிகச் சான்றின் பேரில் விற்கப்பட்டுவந்த பயிர் ஊக்கிகளுக்கான கெடு 2025 ஜூன் 16உடன் முடிந்தது. முன்பு 30,000 வரை இருந்த இத்தகைய சரக்குகள், கெடுபிடிக்குப் பின் ஏறத்தாழ 650 ஆகிவிட்டன என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 ஜூலையில் கூறினார். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கொள்முதலின்போது கவனிக்க:

1. கம்பெனி தரும் 'ஓ' படிவத்தைக் கேட்டு வாங்கி, அனுமதியில் சேர்த்துக்கொள்ளவும்.
2. லேபிளில் பயிர் ஊக்கி என்ற குறிப்பு, தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி இருக்கின்றனவா என்று பார்க்கவும்.
3. "பூச்சியைக் கொல்லும்" என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சரக்கைத் தொட வேண்டாம்.
4. பில் இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

பூச்சிக்கு என்ன சொல்வது?

உழவர் வந்து "கத்தரியில் புழு" என்றால் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. வேப்பமுத்து நம் ஊர்ச் சரக்கு. பருப்பு 5 கிலோ இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி, சிறிது காதி சோப்புச் சேர்த்து மாலையில் தெளிப்பது நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படும் முறை. ஆனி, ஆடியில் வாங்கி நிழலில் உலர்த்தி வைத்தால் மழைக்கால விற்பனைக்கு ஆகும். எட்டு மாதத்துக்கு மேல் பழையதானால் வீரியம் குறையும். வாடிய கத்தரி நுனிகளைக் கிள்ளி அழிக்கச் சொல்லலாம். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறியும், வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும் உதவும். மேற்கொண்டு சந்தேகம் என்றால் அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி வைக்கலாம்.

நம் வட்டாரத்தில் கடனுக்குக் கொடுத்து அறுவடையில் வசூலிப்பதே வழக்கம். பூச்சி மருந்தென்று நம்பி ஊக்கியைத் தெளித்துவிட்டு உழவர் பத்து நாள் காத்திருந்தால், காய் முழுவதும் சொத்தையாகிவிடும். அவருக்கு வெள்ளாமை போகும். நமக்குப் பாக்கியும் போகும், வாடிக்கையும் போகும். அனுமதி உள்ளவர்கள் கடல்பாசிச் சாற்றைத் தாராளமாக விற்கலாம். "இது பயிருக்குத் தெம்பு, பூச்சிக்கு வேறு வழி பாருங்கள்" என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லி விற்பதே உழவருக்கும் கடைக்கும் நல்லது.