வண்டூர் கடற்பூங்காவும் பள்ளிச் சுற்றுலாவும்

புரோத்ராபூர் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்லத்தக்க இடங்களுள் வண்டூரிலுள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவும் ஒன்று. 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இப்பூங்கா, 281.5 சதுர கிலோமீட்டர் பரப்பில், காடடர்ந்த 15 தீவுகளையும், அவற்றினிடையே ஏரிகள்போல் அமைதியாக விளங்கும் கடற்கால்களையும் கொண்டது.

திங்கட்கிழமைகளில் பூங்கா மூடப்பட்டிருக்கும். ஆகவே அந்நாளை விலக்கி, அனுமதியை முன்னரே பெறுதல் நலம். பவளங்களுக்கு ஓய்வளிக்கும் பொருட்டு ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளும் பருவத்திற்கேற்ப மாறி மாறித் திறக்கப்படுகின்றன. குடிநீரை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். அலையாத்திக் காட்டுக் கழிகளில் உவர்நீர் முதலைகள் வாழ்வதால், அங்கு எவரையும் நீரில் இறங்க விடலாகாது.

2010-இல் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றபோது அந்தமான் பவளங்கள் பெரிதும் வெளுத்தன. அவ்வாறு நலிந்த உயிர்ப்பவளத்தின்மேல் வைக்கும் ஓரடி, பல்லாண்டு வளர்ச்சியை நொடியில் நொறுக்கிவிடும். புறப்படுமுன் இதனை வகுப்பிலேயே விளக்குதல் ஆசிரியர் கடன்.