இதர பொருட்கள்: பத்தடிக் கம்பும் பட்டியலின் அரசியலும்

பத்தடி நீளமுள்ள ஒரு கம்பு. விலை ஒரு பொன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவிலிருந்து வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பொருட்பட்டியலில் இந்தக் கம்பு இருக்கிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள், பகடை விழுவதைப் பொறுத்து பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். இருட்டுக் குகையில் தரையைத் தட்டிப்பார்த்து, பள்ளம் இருக்கிறதா என்று அறியத்தான் அந்தக் கம்பு. ஆட்டம் தொடங்குமுன் மூன்று பகடை உருட்டி, வந்ததைப் பத்தால் பெருக்கி, அத்தனை பொன்னோடு கடைக்குப் போகவேண்டும். ஆக, பாத்திரம் முதலில் வாசிப்பது கதையை அல்ல, விலைப்பட்டியலை.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்பதுதான் என் கட்சி. இன்று இது கணினித் திரையில், மடித்து வைத்த பட்டியல்களாக, ஒரு தலைப்பைத் தொட்டால் அதன்கீழ் பத்து உபதலைப்பு விரிகிற மெனுவாக மாறிவிட்ட நிலையில், அந்த வாசிப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. வகைப்பாடு என்றதும் போர்ஹேஸின் சீனக் கலைக்களஞ்சியத்தையும் அதைப் படித்துச் சிரித்த ஃபூக்கோவையும் இழுத்துவருவது நம் வழக்கம். இந்தத் தடவை அவர்களை விட்டுவிடலாம். பூண்டு போதும்.

1974 பட்டியலில் மரமுளையும் சுத்தியும், முகம்பார்க்கும் கண்ணாடி, மரச்சிலுவை, வெள்ளிச்சிலுவை, புனித நீர், பூண்டு எல்லாம் அருகருகே வருகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் மளிகைச் சீட்டு. ஆனால் இரத்தக்காட்டேரிப் படம் ஒன்றைப் பார்த்திருந்தால் போதும், எழுதப்படாத தலைப்பு தெரிந்துவிடும். இவை ஒரே வேலைக்கான பொருட்கள். நான்கு வருஷம் கழித்து, 1978இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' பட்டியலுக்குத் தலைப்புகள் போட்டது. ஆயுதம், கவசம், உடை, மூலிகை, கால்நடை, மதப் பொருட்கள், இப்படி. பூண்டு மூலிகைக்குப் போயிற்று. சிலுவை பெயரை இழந்து 'புனிதச் சின்னம்' ஆகி மதப் பொருட்களுக்குப் போயிற்று. கண்ணாடிக்குப் போக்கிடம் இல்லை, 'இதர'வில் ஒதுங்கியது. ஒரு செயலால் கட்டுண்டிருந்தவை, 'இது என்ன ஜாதி?' என்ற கேள்வியால் சிதறடிக்கப்பட்டன. பொருள் என்ன செய்கிறது என்பதிலிருந்து பொருள் என்னவாக இருக்கிறது என்பதற்கு ஒரு நகர்வு. சிலுவை 'சின்னம்' ஆனதில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். கற்பனை உலகத்துப் பூசாரி எந்தக் கடவுளையும் கும்பிடலாம் இல்லையா.

நம் கம்பும் அந்த 'இதர'வில்தான். இதர என்பது மிச்சம். மையத்தில் இருப்பவை தங்களை வரையறுத்துக்கொண்ட பிறகு விழுகிற சக்கை. 1978 புத்தகம் ஈட்டி வகைகளுக்கும் கோடாலி ஈட்டிகளுக்கும் காட்டிய அக்கறையைப் பாருங்கள். பார்டிச், வூல்ஜ், கைசார்ம், இரண்டையும் சேர்த்துக் கைசார்ம்-வூல்ஜ் என்று வரிசை நீள்கிறது. பாதிக்குமேல் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். உயிரைக் காப்பாற்றிய கம்பு மட்டும் பெயரற்ற கூட்டத்தில்.

அச்சில் இது பெரிய நஷ்டமில்லை. பக்கத்தில் கண் அலையும், வேறொன்றைத் தேடும்போது கம்பு தட்டுப்படும். மெனுவில் கண் அலைய இடமில்லை. திறக்காத தலைப்புக்குள் இருப்பது இல்லாததற்குச் சமம். அகர வரிசையும் இப்படி ஒளிக்கும். 2003இல் வந்த மூன்றரையாம் பதிப்பில் பத்தடி ஏணி 5 செப்புக்காசு, பத்தடிக் கம்பு 2 வெள்ளி, அதாவது 20 செப்பு. ஏணியை வாங்கிப் படிகளைக் கழற்றினால் இரண்டு கம்பு. விதிப்படி பாதி விலைக்கு விற்றாலும் போட்ட காசு நான்கு மடங்காகத் திரும்பும்! ஆங்கில அகரவரிசையில் இரண்டும் தள்ளித் தள்ளி இருந்ததால் எழுதியவர்கள் கண்ணில் படவில்லை போலும். 2014 பதிப்பில் ஏணி 10 செப்பு, கம்பு 5 செப்பு. கணக்கு நேராகிவிட்டது.

இதுவரை வேடிக்கை. அதே மூன்றரையாம் பதிப்பு ஆயுதங்களை மூன்றாகப் பிரித்தது: எளியவை, போர்க்குரியவை, 'எக்ஸாட்டிக்'. கடைசியை அபூர்வம் என்று மொழிபெயர்த்தால் பூசி மெழுகியதாகும். அயலானவை என்பதே சரி. அறுப்பு அரிவாள் எளிய ஆயுதம், விலை 6 பொன். ஜப்பானிய அரிவாளான காமா அயலானது, விலை 2 பொன். இரண்டுக்கும் சேதம் ஒன்றே, ஒரு ஆறுமுகப் பகடை. இரண்டும் கதிரறுக்கப் பிறந்தவை. ஆனால் காமாவை எடுக்க அதற்கென்று தனித் திறன் பெறவேண்டும், இல்லாவிட்டால் தாக்கும்போது 4 புள்ளி தண்டம். துறவிப் பாத்திரத்துக்கு விலக்கு உண்டு, அவர் காமாவைப் பழகியவர். கூத்து என்னவென்றால், அவருடைய பட்டியலில் சாதாரண அரிவாள் இல்லை. காமா தெரியும், அரிவாள் தெரியாது! சாட்டையும் வலையும் குள்ளர்களின் போர்க்கோடரியும்கூட அயலானவைதான், ஆகவே வெறும் இனவாதம் என்று தீர்ப்பெழுதி முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் யாருடைய கொல்லைப்புறத்தை நடுவாக வைத்துக்கொண்டு 'அயல்' என்ற சொல் உச்சரிக்கப்பட்டது என்பது காமாவில் அம்பலமாகிறது. இங்கே வகைப்பெயர் பொருளை விவரிக்கவில்லை, அனுமதி வழங்குகிறது, மறுக்கிறது. 2014 பதிப்பு அந்த வகையையே கைவிட்டது. குட்டையான, நேரான அலகுள்ள அரிவாளுக்குக் காமா என்று பெயர், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் மெனுவை எப்படித்தான் அமைப்பது? புத்தகத்தில் ஒரு பொருள் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும், காகிதம் அப்படி. திரைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எண்ணெய் விளக்குக்கும் உரியது, எறிந்து கொளுத்தவும் உரியது. இரண்டு தலைப்பின் கீழும் அது வரட்டுமே. புனித நீரும் அப்படியே. காகிதத்தின் வறுமையைத் திரைக்கும் சுமந்துபோய், ஒரு பொருளுக்கு ஒரே தகப்பன் என்று அடம்பிடிக்கிற பட்டியல்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. தலைப்புகளும் பெயர்ச்சொல்லாக இருந்தாகவேண்டுமா? 'இருட்டுக்குள் போக', 'மேலே ஏற', 'பூட்டைத் திறக்க' என்று ஆட்டக்காரர் கேட்கிற கேள்வியே தலைப்பானால், 1974இன் காட்டேரிச் சாமான்கள் மறுபடி ஒன்றுசேரும். விதி தெரிந்த பழைய ஆளுக்குப் பொருளின் பெயரே போதும், அவருக்கு அகரவரிசையும் இருக்கட்டும்.

2014 புத்தகமே இந்தத் திசையில் ஒரு அடி வைத்திருக்கிறது. திருடர், பூசாரி, அறிஞர், குகைக்குப் போகிறவர் என்று ஏழு மூட்டைகள் கட்டிவைத்திருக்கிறார்கள். வகை பார்க்காமல் கயிறும் தீப்பந்தமும் உணவும் ஒன்றாக, வேலைக்கேற்ப. குகை மூட்டையில் கடப்பாரை, சுத்தி, பத்து முளையாணி, பத்துத் தீப்பந்தம், பத்து நாள் சாப்பாடு, ஐம்பதடிக் கயிறு எல்லாம் உண்டு. ஏழு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டேன், கம்பு எதிலும் இல்லை. தனியாகத்தான் தேடிப்பிடித்து வாங்கவேண்டும்.