சோதனைக்கு எந்த ஸ்கிரிப்ட்?

மெய்நிகர் இயந்திரங்கள் – 11

மெய்நிகர் இயந்திர (வி.எம்.) மென்பொருளைச் சோதிப்பதில் மற்ற மென்பொருளுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. இங்கே சோதனைக்கு வருவது ஒரு முழுக் கணினி. அதைக் கிளப்ப வேண்டும்; பயோஸ், கர்னல், லாகின் என்று படிப்படியாக எழுந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்; உள்ளே புகுந்து வேலை வாங்கி, நடுவில் நிறுத்தி, அதைத் தாங்கி ஓட்டும் வேறொரு கணினிக்கு (ஹோஸ்டுக்கு) மாற்றி, அதன் பிறகும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை என்றால் கையாலேயே செய்துவிடலாம். இரவுதோறும் நூற்றுக்கணக்கான வி.எம்.களில் செய்ய ஸ்கிரிப்ட்தான் வழி.

அம்பத்தூரில் இது அன்றாட வேலை. 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே எச்.சி.எல்., டி.சி.எஸ். அலுவலகங்கள் இயங்குகின்றன, என்.டி.டி.யின் தரவு மையமும் 2023 முதல் அங்கே இருக்கிறது. சர்வரை வி.எம்.களாகப் பிரித்து ஓட்டும் இடத்தில், அவற்றை இயக்கும் ஹைப்பர்வைசரில் புகுந்த ஒரு பக் பல வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் கவிழ்த்துவிடும்.

ஸ்கிரிப்ட் மொழியைத் தேர்ந்தெடுக்கும்முன், வி.எம்.முடன் எந்த வாசல் வழியாகப் பேசப்போகிறோம் என்பதை முடிவுசெய்ய வேண்டும். பலரும் முதலில் எடுப்பது எஸ்.எஸ்.எச். நெட்வொர்க் கார்டைக் கழற்றி மாட்டும் சோதனையை அதன் வழியாக ஓட்டினால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான். கார்டு கழன்றதும் ஸ்கிரிப்டின் தொடர்பும் அறுந்துவிடும், அதன்பின் வி.எம். விழுந்ததா, தொடர்பு மட்டும் போனதா என்று சொல்ல முடியாது. எதைச் சோதிக்கிறோமோ அதன் வழியாகவே பேசக்கூடாது. கியூஎமு, கேவிஎம் சூழலில் கெஸ்ட்டுக்குள், அதாவது வி.எம்.முக்குள், ஓடும் கெஸ்ட் ஏஜென்ட் விர்ட்டியோ சீரியல் வழியாகப் பேசும். ஹைப்பர்-வியில் பவர்ஷெல் டைரக்ட், விஎம்பஸ் வழியாகப் போகும். இரண்டுக்கும் நெட்வொர்க் தேவையில்லை.

கெஸ்ட்டுக்குள் ஏஜென்ட் இன்னும் எழாத நேரத்தில் மிஞ்சுவது சீரியல் கன்சோல். அதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும் கருவி எக்ஸ்பெக்ட். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்டில் டான் லிப்ஸ் 1990-இல், டிக்கிள் மொழியின் மேல் அதைக் கட்டினார். ‘லாகின்’ என்ற சொல் வரும்வரை காத்திரு, வந்ததும் பெயரை அனுப்பு, ‘பாஸ்வேர்டு’ வந்ததும் அதை அனுப்பு என்று நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ‘லாகின்’ என்று கெஸ்ட் அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே யுஎஸ்பி சாதனம் கிடைத்தது என்று கர்னல் ஒரு வரியை நடுவில் செருகிவிடும். ‘லாக்’ ஒரு பக்கமும் ‘இன்’ ஒரு பக்கமும் போக, ஸ்கிரிப்ட் தன் கெடு தீரும்வரை வெறுமனே காத்திருக்கும். கர்னல் செய்திகளின் அளவைக் குறைத்து வைப்பது, ஒரு வெற்று என்டர் அனுப்பி லாகினை மறுபடி வரவழைப்பது என்ற இரண்டும் தெரிந்தவருக்கு எக்ஸ்பெக்ட் இன்றும் நல்ல கருவி. டிக்கிள் தெரியாதவர் பைத்தானின் பெக்ஸ்பெக்ட் தொகுப்பில் இதையே செய்யலாம்.

பேஷ் எங்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டில் இருப்பது பிஸிபாக்ஸின் சிறிய ஷெல். பேஷுக்கே உரிய எழுத்துமுறைகள் அங்கே செல்லாது, பைத்தான் இருக்கும். அதைவிட ஆபத்தானது பைப். சோதனையின் வெளியீட்டை ‘டீ’ கட்டளைக்குள் செலுத்தி லாக் கோப்பாகச் சேமிப்பது எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் வரியின் முடிவு நிலையாகப் பேஷ் சொல்வது கடைசிக் கட்டளையான ‘டீ’யின் நிலையைத்தான். சோதனை தோற்றிருக்கும், லாக்கிலும் தோல்வி இருக்கும், காலையில் முடிவுப் பலகை மட்டும் பச்சையாக இருக்கும். ‘பைப்ஃபெயில்’ என்ற அமைப்பை இயக்கினால் இது தீரும். ஸ்கிரிப்ட் ஐம்பது வரியைத் தாண்டும் நிலை வந்தால் பேஷை விட்டு வெளியேறிவிடுவதே நல்லது.

பைத்தானின் பக்கம் தராசு சாய்வதற்கு முதல் காரணம், ஹைப்பர்வைசர்களே அதற்குக் கதவு திறந்து வைத்திருப்பதுதான். லிப்வர்ட்டுக்குப் பைத்தான் இணைப்பு உண்டு. விஎம்வேருக்குப் பைவிமோமி உண்டு. கியூஎமுவின் கியூஎம்பி நெறிமுறை வெறும் ஜேசன் என்பதால் எந்த மொழியிலும் பேசலாம், பைத்தானில் இன்னும் சுலபம். இணைந்ததும் கியூஎமு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பும். பதிலாக ‘கியூஎம்பி கேப்பபிலிட்டீஸ்’ என்ற கட்டளையை முதலில் அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து எதைக் கேட்டாலும் பிழைதான். அதன்பின் வி.எம். நின்றதும் ‘ஸ்டாப்’, தொடர்ந்ததும் ‘ரெஸ்யூம்’ என்ற நிகழ்வுகள் தாமாக வந்து சேரும்.

இந்த நிகழ்வுகளின் அருமை, ஸ்லீப் போட்டு எழுதிய சோதனைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும். அறுபது நொடி தூங்கு, அதற்குள் வி.எம். எழுந்திருக்கும் என்று எழுதுவது, ஹோஸ்டில் வேறு வேலை இல்லாத பகலில் சரியாக ஓடும். இரவில் நாற்பது வி.எம்.கள் ஒன்றாகக் கிளம்பும்போது எழுபதாவது நொடியில் எழும் கெஸ்ட் தோல்விக் கணக்கில் சேரும். நிகழ்வுக்காகக் காத்திருந்து, அதற்கு ஓர் உச்சவரம்பு மட்டும் வைப்பதே சரி. நேரத்தையும் ஹோஸ்டில்தான் அளக்க வேண்டும். நிறுத்தி வைக்கப்பட்ட கெஸ்ட்டின் கடிகாரத்தை நம்பி எதையும் கணக்கிட முடியாது.

பெரிய திட்டங்களும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. ஹைப்பர்-வி, அஷூர் மேல் லினக்ஸைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் லிசா, இரண்டாம் பதிப்பில் பவர்ஷெல்லும் ஷெல் ஸ்கிரிப்டுமாக இருந்தது. பிறகு பைத்தானில் புதிதாக எழுதப்பட்டது. பவர்ஷெல்லை உருவாக்கிய நிறுவனமே இதைச் செய்தது கவனிக்க வேண்டிய விஷயம். கியூஎமு திட்டம் 2024-இல் அவகாடோ என்ற சட்டகத்தை விட்டு, பைத்தானுடன் வரும் யூனிட்டெஸ்டுக்குத் தன் சோதனைகளை மாற்றத் தொடங்கியது. வெளிச் சார்பு எவ்வளவு குறைகிறதோ, சோதனை அவ்வளவு காலம் உழைக்கும். விண்டோஸ் கெஸ்ட்டுகளே பெரும்பான்மையாக உள்ள குழுவுக்குப் பவர்ஷெல் இன்றும் பொருத்தமானதே. விஎம்வேரின் பவர்சிஎல்ஐயும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் ஆட்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்தில் பொறியியல் முதலாண்டுக்குப் பைத்தானைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் 2019 முதல் பைத்தான் இருக்கிறது. ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் டிக்கிளையோ பெர்லையோ பார்த்திருப்பது அரிது. பைத்தானில் எழுதிய சோதனை ஏன் விழுந்தது என்பதை முதல் வாரத்திலேயே வாசித்துப் புரிந்துகொள்வார்கள். ஒரே ஒரு சீனியருக்கு மட்டும் புரியும் கருவி, அவர் வேறு கம்பெனிக்குப் போன நாளோடு முடிந்துவிடும்.

உலாவியை இயக்கிச் சோதிக்கும் செலீனியத்தைப் படித்துவிட்டு வருபவர்களும் பலர். நிர்வாகப் பலகையின் பட்டன்களைச் சோதிக்க அது உதவும். அதே பலகையில் நோவிஎன்சி வழியாகத் தெரியும் வி.எம். திரையோ செலீனியத்துக்கு ஒற்றை கேன்வாஸ் மட்டுமே. அதற்குள் தெரியும் எழுத்து எதுவும் அதன் கண்ணில் படாது. பயோஸ் மெனு, ஓஎஸ் நிறுவும் திரை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமானால் ஓப்பன்கியூஏ இருக்கிறது. ஓப்பன்சூசேயும் ஃபெடோராவும் பயன்படுத்தும் இந்தக் கருவி, திரையைப் படம்பிடித்து, ‘நீடில்’ எனப்படும் மாதிரித் துண்டோடு ஒப்பிட்டு அடுத்த விசையை அழுத்தும். அதன் மையம் பெர்லில் எழுதப்பட்டது. எழுத்துரு சற்று மாறினாலும் நீடிலைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், வேறு வாசலே இல்லாத இடங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது உத்தமம்.

மொழி எதுவானாலும், சோதனையோடு சேர்த்துப் பதிந்து வைக்க வேண்டியவை உண்டு: ஹைப்பர்வைசரின் பதிப்பு, கெஸ்ட் டிஸ்க் இமேஜின் செக்சம், ஸ்கிரிப்ட் சார்ந்திருக்கும் தொகுப்புகளின் பதிப்பெண்கள், சீரியல் கன்சோலின் முழு வெளியீடு. தோற்ற வி.எம்.மை ஸ்கிரிப்ட் உடனே அழித்துவிடாமல் நிறுத்தி மட்டும் வைக்க வேண்டும். காலையில் வருபவர் அதன் நினைவகத்தைத் திறந்து பார்க்க அதுதான் ஒரே வாய்ப்பு.