கழன்று விழுந்தது ‘வெனீர்’ பல்! பசை போட்டு ஒட்டிய வாலிபர் பட்ட பாடு

சென்னை,-

காலை 9 மணி மின்சார ரெயில். நிற்க இடமில்லை. கதவோரம் நின்ற வாலிபர் கடலை மிட்டாயை ஒரு கடி கடித்தார். ‘டக்’ என்று சத்தம். நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. கல் என்று நினைத்து உள்ளங்கையில் துப்பினார்.

பூசணி விதை மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு துண்டு. கல் அல்ல. அவருடைய முன்பல்லின் முகம்!

கர்சீப்பால் வாயைப் பொத்தியவர் மாம்பலம் வரும் வரை கையை எடுக்கவில்லை.

வாலிபருக்கு வயது 28. தியாகராய நகர் துணிக்கடை ஒன்றில் சிப்பந்தி. அடுத்த வாரம் அவருக்கு நிச்சயதார்த்தம்!

காவிப் பல்

சொந்த ஊர் தர்மபுரி பக்கம். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்க ஆகாத தண்ணீர். பால்பல் விழுந்து முளைக்கிற நிரந்தரப் பல், ஈறுக்குள் உருவாகிற வயதிலேயே கறை பிடித்துவிடும். அப்புறம் எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. ஆனால் அப்போது இவருக்கு வயது பதினாறு. பல் ஏற்கனவே காவி நிறம்!

“கடையிலே கஸ்டமர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கணும் சார். நான் உதட்டை மூடிக்கிட்டேதான் சிரிப்பேன்” என்றார். சீட்டு எடுத்த பணத்தில் இரண்டு வருடத்துக்கு முன் மேல்வரிசையில் 6 பல்லுக்கு ‘வெனீர்’ போட்டுக்கொண்டார்.

வெனீர் என்பது முழு ‘கேப்’ அல்ல. பல்லின் முன்பக்கத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டு, அதன்மேல் ஒட்டுகிற பீங்கான் ஓடு. கையில் எடுத்தால் நொறுங்கிவிடும். பல்லோடு ஒட்டிய பிறகுதான் அதற்குப் பலம். ஆகவே எல்லாமே ஒட்டில் இருக்கிறது.

1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் டாக்டர், நட்சத்திரங்களுக்கு இப்படி ஓடு செய்து பல்செட் பவுடரால் ஒட்டுவார். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்! பல்லின் எனாமலை அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று 1955-ல் அமெரிக்க டாக்டர் பூனகோர் காட்டினார். பீங்கானின் முதுகையும் அமிலத்தால் அரித்து நிலையாக ஒட்டும் வித்தை 1980-களில்தான் வந்தது.

பெட்டிக்கடைப் பசை

வாலிபர் என்ன செய்தார்? நேரே பெட்டிக்கடைக்குப் போனார். செருப்பு, பிளாஸ்டிக் எல்லாம் ஒட்டுவார்களே, அந்தச் சின்ன டியூப் ஒன்று வாங்கினார். துணிக்கடை பாத்ரூம் கண்ணாடியில் பார்த்து ஒட்டிவிட்டார்.

அன்று பகல் முழுக்கச் சிரித்தபடி வியாபாரம். மறுநாள் உதடு வெந்து தோல் உரிந்தது. மூன்றாம் நாள் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. ஓடு ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்ததால் வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் இடித்தது. சோறு மெல்ல முடியவில்லை.

பிறகுதான் மேற்கு மாம்பலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் ஓடினார்.

“ஏன் தம்பி, விழுந்த உடனே ஒரு டப்பாவிலே போட்டு எடுத்துட்டு வந்திருந்தா, அன்னைக்கே ஒட்டிக் கொடுத்திருக்கலாமே!” என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதுகு சொல்லும் கதை

நிருபரிடம் அவர் விளக்கியதாவது:-

“ஓடு விழுந்தா நான் முதல்லே பார்க்கிறது அதோட முதுகைத்தான். பழைய பசை பல்லு மேலேயே தங்கி, ஓடு சுத்தமா வந்திருந்தா, பீங்கானைத் தயார் பண்ணினதிலே கோளாறு. பசை ஓட்டோட வந்து, பல்லு மொட்டையா இருந்தா, பல்லுப் பக்கம் பிடிக்கலைன்னு அர்த்தம். ஒட்டுற நேரத்திலே எச்சில் பட்டிருக்கும். இல்லேன்னா அதிகமாச் சீவி எனாமல் போயிருக்கும். எனாமல்லே பிடிக்கிற மாதிரி உள் பல்லிலே பிடிக்காது. புளோரைடு ஏறின பல்லு இன்னும் மோசம். அமிலத்துக்கு லேசிலே மசியாது. கூடுதல் நேரம் வைக்கணும்.”

காரணம் தெரியாமல் மறுபடி ஒட்டினால் மறுபடி விழும் என்கிறார். பெட்டிக்கடைப் பசை அந்தத் தடயத்தையே அழித்துவிட்டது!

கோணலாக ஒட்டிய ஓட்டை எடுக்கும்போது இரண்டாக உடைந்தது. வேறு வழியில்லை, புதிது செய்ய வேண்டும். அதையும் உடனே செய்ய முடியாது. ஈறில் ரத்தம் கசிகிற வரை அச்சும் சரியாக வராது, ஒட்டும் நிற்காது.

மற்ற 5 பல்லையும் டாக்டரம்மா விடவில்லை. மை தடவிய நீலத் தாளைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கச் சொன்னார். விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நுனியில் திட்டாக நீலம். கீழ்ப்பல் அங்கேதான் போய் முட்டுகிறது!

“ராத்திரி பல்லைக் கடிப்பியா தம்பி?”

வாலிபர் விழித்தார். கூட வந்த அறை நண்பர் முந்திக்கொண்டு, “நறநறன்னு கடிப்பான் டாக்டர். நாங்க தூங்கவே முடியாது” என்றார்.

அங்கே இருந்தது வினை. கடலை மிட்டாய் ஒரு சாக்குதான். முட்டுகிற இடத்தை லேசாகத் தேய்த்துச் சரிசெய்தார்கள். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் கவசத்துக்கு அச்சு எடுத்தார்கள்.

எது சாதாரணம், எது ஆபத்து?

ஒழுங்காக ஒட்டிய பீங்கான் ஓடு பத்து வருடத்துக்கு மேல் நிற்பது அதிசயம் இல்லை. ஆனாலும் கோளாறு வரும்.

ஒட்டிய புதிதில் ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சம் சில நாள் இருக்கலாம். சூடாகக் காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகும் வலி நீடித்தால், தானாகவே ராத்திரியில் தெறித்தால், நரம்பு கெடுகிறது என்று பொருள். வேர் சிகிச்சை வரை போகலாம். மாத்திரை போட்டுக் காலம் கடத்தக் கூடாது.

ஓட்டை ஒட்டியுள்ள ஈறு மட்டும் சிவந்து ரத்தம் வருகிறதா? மிச்சப் பசை ஈறுக்கடியில் தங்கியிருக்கும். அல்லது ஓட்டின் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். சுத்தம் செய்து விளிம்பை மழுக்கினாலே பெரும்பாலும் சரியாகும். ‘புதுசுன்னா அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நுனியில் சின்னப் பிசிறு என்றால் தேய்த்து வழவழப்பாக்கிவிடலாம். கொஞ்சம் பெரிய சில்லு என்றால் பல் நிறப் பசை வைத்து அடைப்பார்கள். நடுவில் விரிசல் என்றால் மாற்றுவதே வழி.

நிறம் பிடிக்கவில்லை என்பவர்கள்தான் அதிகம் சங்கடப்படுகிறார்கள். பீங்கான் வெளுக்காது. எந்தப் பேஸ்டும், எந்த ‘ப்ளீச்சிங்’கும் அதை மாற்றாது. ஒட்டுவதற்கு முன்னால் வைத்துப் பார்க்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும். ஓட்டின் ஓரத்தில் புதிதாகக் காவிக் கோடு தெரிந்தால் அது வேறு விஷயம். ஒட்டு விட்டு, உள்ளே சொத்தை நுழைய வழி பிறந்திருக்கலாம்.

பழைய ஓட்டை மாற்றுவது சட்டை மாற்றுவது போல் அல்ல. வைர முனைக் கருவியால் தேய்த்துத்தான் எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சொந்தப் பல்லும் கொஞ்சம் போகும். எனாமல் மறுபடி வளராது. மூன்றாம் தடவை வெனீர் நிற்க இடமில்லாமல், முழுப் பல்லையும் செதுக்கிக் ‘கேப்’ போடும் நிலை வரலாம்.

பில் எங்கே?

வாலிபர் முதலில் வெனீர் போட்ட கிளினிக்குக்கும் போன் செய்தார். “எங்க மேலே தப்பு இல்லே, வேணும்னா புதுசாப் பணம் கட்டுங்க” என்று பதில் வந்ததாம். பில் இருக்கிறதா என்று கேட்டோம். உதட்டைப் பிதுக்கினார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகை மட்டும்தான்.

காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. 2019-ம் வருடச் சட்டப்படி 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பில், எக்ஸ்-ரே, எந்தப் பல்லுக்கு என்ன பொருள் வைத்தார்கள் என்ற குறிப்பு, டாக்டரின் பதிவு எண் எல்லாம் கையில் வேண்டும். பணம் கட்டும்போதே கேட்டு வாங்குங்கள். பல் விழுந்த பிறகு கேட்டால் யார் தருவார்கள்?

தனியாரிடம் செலவு செய்ய வழியில்லாதவர்கள், வலியும் வீக்கமும் வந்தால் கோட்டை ரெயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

நிச்சயதார்த்தம் என்ன ஆச்சு?

குறித்த நாளில் நடந்தது. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் தற்காலிகமாகப் பல் நிறப் பசையால் முகம் செய்து கொடுத்தார் டாக்டரம்மா. முறுக்கு, சீடை எதையும் அந்தப் பல்லால் கடிக்கக் கூடாது என்று கண்டிஷன். சம்பந்தி வீட்டில் தட்டு நிறைய அதிரசம் வைத்தார்களாம். பிட்டுப் பிட்டுக் கடைவாயில் வைத்து மென்றதைப் பார்த்து, “மாப்பிள்ளை ரொம்ப அடக்கம்” என்றாராம் பெண்ணின் பாட்டி.

ஈறு ஆறிய பிறகு, மூன்றாவது வாரம் புது ஓடு ஒட்டினார்கள். இரவுக் கவசத்தை மாட்டிக்கொண்டுதான் இப்போது தூங்குகிறார். பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லியாயிற்றா என்று கேட்டதற்கு, “போன்லேயே சொல்லிட்டேன் சார். அவங்க ஊரும் எங்க பக்கம்தான். அவங்க அண்ணனுக்கும் இதே காவிப் பல்லு” என்றார்.